கல்லூரி வளாகமும் குடியேற்ற அரசியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டக் கல்லூரி ஒன்றில் பேச்சு மன்றத்தின் பொறுப்பாசிரியராக இருக்கிறேன். அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 2013 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட ‘சட்டவிரோதக் குடியேறியைப் பிடி’ என்னும் விளையாட்டை எங்கள் மன்றம் விவாதப் பொருளாக எடுத்துக்கொண்டது. அதற்குச் சில வாரங்களுக்குப் பின் எங்கள் வளாகத்து அறிவிப்புப் பலகையிலேயே ஒரு சுவரொட்டி தென்பட்டது. ‘வளாகத்தில் வடக்கனைக் கண்டால் படம் எடுத்து அனுப்பு, அதிகப் படம் அனுப்புவோருக்குப் பரிசு’ என்று அதில் அச்சிட்டு, கீழே ஒரு வாட்ஸ்அப் எண்ணும் தந்திருந்தார்கள். அப்போது முதல் மாணவர்களும் பெற்றோரும் சக ஆசிரியர்களும் கேட்டுவரும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

டெக்சாஸில் உண்மையில் நடந்தது என்ன?

‘டெக்சாஸ் இளம் பழமைவாதிகள்’ என்னும் மாணவர் அமைப்பின் ஆஸ்டின் கிளை, 2013 நவம்பர் 20 அன்று வளாகத்தில் இந்த விளையாட்டை நடத்தப்போவதாக ஃபேஸ்புக்கில் அறிவித்தது. தன்னார்வலர்கள் சிலர் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று எழுதிய அட்டையை உடையில் அணிந்துகொண்டு வளாகத்தில் நடமாடுவார்கள் என்றும், அவர்களில் ஒருவரைப் பிடித்து அமைப்பின் மேசைக்கு அழைத்துவரும் மாணவருக்கு 25 டாலர் மதிப்புள்ள பரிசு அட்டை கிடைக்கும் என்றும் அந்த அறிவிப்பு கூறியது. குடியேற்றம் பற்றிய விவாதத்தை வளாகத்தில் எழுப்புவதே நோக்கம் என்பது அமைப்பின் விளக்கம்.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. இதில் பங்கேற்போர் பல்கலைக்கழகத்தின் நெறிக்கோவையைப் புறக்கணிப்பவர்கள் ஆவார்கள் என்று நிர்வாகத்தின் சார்பில் அறிக்கை வந்தது. அப்போது டெக்சாஸ் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த குடியரசுக் கட்சியின் கிரெக் அபாட், குடியேற்றக் கட்டுப்பாட்டை வலியுறுத்துபவர். அவருடைய தேர்தல் குழுவே இந்த முயற்சிக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று கண்டித்து விலகி நின்றது. நவம்பர் 19 அன்று, நிர்வாகம் பழிவாங்கும் என்ற அச்சத்தையும் தன்னார்வலர்களின் பாதுகாப்பையும் காரணம் காட்டி, அமைப்பு நிகழ்ச்சியைக் கைவிட்டது.

நடக்காமலே போன ஒரு விளையாட்டுக்கு அவ்வளவு எதிர்ப்பு ஏன்?

அட்டை அணிந்து நடக்கவிருந்தவர்கள் தன்னார்வலர்கள்தாம். ஆனால் அதே வளாகத்தில், எந்த அட்டையும் அணியாமல், உரிய ஆவணம் இல்லாத மாணவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது. ஆவணமில்லாத குழந்தைகளுக்குப் பள்ளிக் கல்வியை மறுக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982 இல் தீர்ப்பளித்த வழக்கு டெக்சாஸிலிருந்து சென்றதுதான். அந்த மாநிலத்திலேயே வளர்ந்து பள்ளி முடித்த இத்தகைய மாணவர்களுக்கு, மாநில மாணவர்களுக்குரிய குறைந்த கட்டணத்தில் கல்லூரிக் கல்வி அளிக்கும் சட்டத்தை 2001 இல் முதன்முதலாக இயற்றியதும் டெக்சாஸ்தான். அந்தச் சலுகை 2025 ஜூன் மாதத்தில் நீதிமன்ற ஆணையால் நிறுத்தப்பட்டது. 2013 இல் அது நடைமுறையில் இருந்தது. ஆகவே வகுப்பில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் அப்படிப்பட்டவராக இருக்க வாய்ப்பிருந்த ஓர் இடத்தில் ‘பிடி’ என்ற அழைப்பு விடுக்கப்பட்டது. தன் குடும்பத்தின் நிலையை நெருங்கிய தோழியிடம்கூடச் சொல்லாத ஒரு மாணவி அந்த அறிவிப்பை எப்படி வாசித்திருப்பாள் என்று நினைத்துப் பார்த்தால், எதிர்ப்பின் காரணம் விளங்கும்.

இது போன்றது அதற்கு முன்பும் நடந்ததுண்டா?

உண்டு. 2007 பிப்ரவரியில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் குடியரசுக் கட்சி ஆதரவு மாணவர்கள் ஏறத்தாழ இதே விளையாட்டை நடத்தினார்கள். நூற்றுக்கணக்கானோர் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வடிவம் பழையது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்பு வரும், எதிர்ப்பினால் செய்தி வரும், செய்தியால் அமைப்பின் பெயர் பரவும் என்னும் கணக்கு அதற்குள்ளேயே இருக்கிறது.

பல்கலைக்கழகம் தடை விதித்திருக்கலாமே?

டெக்சாஸ் பல்கலைக்கழகம் அரசு நிறுவனம். பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் அரசு நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவதால், ஒரு கருத்து அருவருப்பானது என்ற காரணத்துக்காக மட்டும் அதனைத் தடுக்க அதற்கு அதிகாரம் இல்லை. சட்டமீறலை உடனடியாகத் தூண்டுவதாகவும், அதனை விளைவிக்கக் கூடியதாகவும் இருக்கும் பேச்சையே தடுக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969 இல் வரையறுத்தது. நியூயார்க் பல்கலைக்கழகம் தனியார் நிறுவனம் என்பதால் இந்தக் கட்டுப்பாடு அதற்கு இல்லை.

டெக்சாஸ் நிர்வாகம் கண்டித்தது சரியே என்பதும், நெறிக்கோவையை இழுத்துப் பேசியது தவறு என்பதும் என் கருத்து. கண்டனம் தெரிவிக்கும் அதிகாரியின் கையிலேயே ஒழுங்கு நடவடிக்கையும் இருக்கும்போது, அந்தச் சொற்கள் மாணவரின் காதில் மிரட்டலாகவே விழும். விளைவையும் பாருங்கள்: தாங்கள் மிரட்டப்பட்டதாகச் சொல்லி அமைப்பு வெளியேறிவிட்டது, குடியேற்றச் சட்டத்தைப் பற்றி அது பதில் சொல்ல வேண்டியிருந்த கேள்விகள் கேட்கப்படாமலே நின்றுபோயின.

எங்கள் வளாகத்துச் சுவரொட்டியில் அப்படி என்ன தவறு? யாரையும் அடிக்கச் சொல்லவில்லையே?

சுவரொட்டி ஒட்டப்பட்ட நாள்களில் வளாகத்தின் பின்புறம் புதிய கட்டடத்துக்குத் தளம் போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்கள் சிலர் அங்கே கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். மதியம் அவர்கள் வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து வைத்துச் சாப்பிடும்போது, நடைபாதையில் நின்றவர்கள் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்தார்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத ஓர் இளைஞன், உணவக அக்காளிடம் போய், தான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா என்று அரைகுறைத் தமிழில் கேட்டிருக்கிறான். மறுநாளிலிருந்து அவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம், மணல் குவியலின் மறைவில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அடிக்கச் சொல்லவில்லை என்பது உண்மை. ஒரு கொள்கையைப் பற்றியும் அந்தச் சுவரொட்டி பேசவில்லை என்பதும் உண்மை. குறிப்பிட்ட இடத்தில் வேலை செய்யும், எளிதில் அடையாளம் காணக்கூடிய சிலரைத் தேடிப் படம் பிடிக்கும்படி அது மாணவர்களை ஏவியது, பரிசும் அறிவித்தது. அந்தப் படங்கள் எங்கே போகும், என்ன வாசகத்தோடு பரவும் என்பது படம் எடுத்தவருக்கே தெரியாது. 2023 மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவி, அச்சத்தில் பலர் ஊர் திரும்ப முற்பட்டதும், நம் மாவட்டத்துக்காரரான அன்றைய காவல் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு அவை பொய் என்று விளக்க வேண்டி வந்ததும், பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியதும் பழைய கதை அல்ல. ஒரு படமும் ஒரு பொய்யான வரியும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை இந்த மாநிலம் கண்ணால் கண்டிருக்கிறது.

அப்படியானால் வெளிமாநிலத் தொழிலாளர் வருகையைப் பற்றிப் பேசவே கூடாதா?

தாராளமாகப் பேசலாம், பேச வேண்டும். உள்ளூர்க் கொத்தனாருக்கும் கையாளுக்கும் கூலி குறைகிறதா, ஒப்பந்தக்காரர் குறைந்த கூலிக்காகவே வெளியாள்களைக் கொண்டுவருகிறாரா, ஒரே அறையில் பத்துப் பேரை அடைத்து வாடகை வாங்கும் வீட்டு உரிமையாளரை யார் கேட்பது, செங்கல் சூளையிலும் விசைப்படகிலும் வேலை செய்பவர்களின் பெயர் எங்காவது பதிவாகியிருக்கிறதா என்பவை எல்லாம் நியாயமான கேள்விகள். மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர்களுக்கென 1979 ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும், இடப்பெயர்வுப் படி தர வேண்டும், ஒரே வேலைக்கு உள்ளூர்த் தொழிலாளிக்குக் கொடுப்பதைவிடக் குறைவான கூலி கொடுக்கக் கூடாது என்று அது கூறியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்றில் அந்தச் சட்டம் சேர்ந்துவிட்டது.

அந்தக் கூலி விதி எங்கும் முறையாகப் பின்பற்றப்பட்டிருந்தால், உள்ளூர்த் தொழிலாளியின் குறையில் பாதி தீர்ந்திருக்கும். அதைப் பின்பற்றாதவர் கம்பி கட்டும் இளைஞன் அல்லர். ‘சம வேலைக்குச் சமக் கூலி கொடு, ஒப்பந்தக்காரரே’ என்று அதே பலகையில் எழுதி ஒட்டியிருந்தால், நானும் பக்கத்தில் நின்று பசை தடவிக் கொடுத்திருப்பேன்.

இந்தியச் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது?

அரசமைப்பின் 19(1)(அ) பிரிவு குடிமக்களுக்குப் பேச்சுரிமை தருகிறது. 19(2) பொது ஒழுங்கு, குற்றத்தைத் தூண்டுதல் முதலிய காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடுகளை அனுமதிக்கிறது. அதே 19 ஆம் பிரிவுதான், குடிமக்கள் நாட்டின் எப்பகுதிக்கும் செல்லவும் எங்கும் குடியிருக்கவும் உரிமை தருகிறது. ஒடிசாக்காரர் குமரிக்கு வருவது குடியேற்றச் சட்டத்துக்குள் வரும் செயலே அல்ல. நாகர்கோவில்காரர் சென்னைக்குப் போய்த் தங்குவது போன்றதுதான்.

விவாதித்தல், பரிந்து பேசுதல், தூண்டுதல் ஆகிய மூன்றையும் உச்ச நீதிமன்றம் 2015 ஆம் ஆண்டு ஸ்ரேயா சிங்கல் வழக்கில் பிரித்துக் காட்டியது. முதல் இரண்டும், கேட்பவருக்கு எவ்வளவு கசப்பாக இருந்தாலும், உரிமைக்குள் அடங்கும். மூன்றாவதன் எல்லையை எட்டும்போதுதான் தடை பொருந்தும். பிறந்த இடம், வசிப்பிடம், மொழி முதலியவற்றின் அடிப்படையில் பிரிவினரிடையே பகையை வளர்ப்பது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196 ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எடுத்த எடுப்பில் இந்தப் பிரிவை மாணவர்கள் மீது பாய்ச்சக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். எழுத்தின் விளைவைத் திடமனம் கொண்ட நியாயமான மனிதரின் அளவுகோலால் அளக்க வேண்டும், எதற்கும் அஞ்சுபவரின் அளவுகோலால் அளக்கக் கூடாது என்று 2025 மார்ச் மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஒரு கவிதை தொடர்பான வழக்கில் கூறியிருப்பதும் கவனிக்கத் தக்கது.

நம் வளாகத்தில் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று யாராவது உண்மையில் இருக்கிறார்களா?

விவாதத்தின்போது ஒரு மாணவர் சிரித்துக்கொண்டே கேட்ட இந்தக் கேள்விக்கு நான் சிரிக்காமல் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பெருமாள்புரம், பழவிளை, ஞாறான்விளை, கோழிவிளை ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. அங்கிருந்து பிள்ளைகள் நம் மாவட்டக் கல்லூரிகளுக்கு வந்து படிக்கிறார்கள். 1987 ஜூலை 1 முதல், இந்தியாவில் பிறந்தது மட்டுமே குடியுரிமைக்குப் போதாது. பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. எனவே, போருக்குத் தப்பிக் கடல் கடந்து வந்தவர்களுக்கு இந்த மாவட்டத்து மருத்துவமனையில் பிறந்து, நம் ஊர்ப் பள்ளியில் படித்து, நம்மைப் போலவே ‘எந்தா’ என்று பேசும் ஒரு பிள்ளை சட்டத்தின் கண்ணில் குடிமகன் அல்லன். 2019 ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த குறிப்பிட்ட சமயத்தினருக்கு மட்டுமே வழி திறந்தது. இலங்கை அதில் இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்றித் தங்கியிருப்பதற்கான தண்டனையிலிருந்து 2025 இல் விலக்களிக்கப்பட்டது. அந்த விலக்கும் குடியுரிமை ஆகாது.

ஆக, டெக்சாஸ் விளையாட்டை எழுத்துப் பிசகாமல் இங்கே நடத்தினால், பிடிபட வேண்டியவர் மூன்றாவது பெஞ்சில் இருக்கும் தமிழ்ப் பிள்ளை. கம்பி கட்டும் ஒடிசா இளைஞன் முழு உரிமை பெற்ற குடிமகன். இதை நான் சொன்னதும் அரங்கில் இருந்த முகாம் மாணவர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் யார் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நாகரிகம் எங்கள் மாணவர்களிடம் இருந்ததில் எனக்குப் பெருமை உண்டு. அதையே கம்பி கட்டுபவருக்கும் அவர்கள் காட்ட வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

மொழிக்காகப் போராடித் தமிழ்நாட்டோடு சேர்ந்த மாவட்டம் இது. அந்த உணர்வைத்தானே சுவரொட்டியும் காட்டுகிறது?

இல்லை. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தவர்கள், அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த, தமிழ் வழங்கும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு இணைக்கும்படி ஓர் அரசிடம் கேட்டார்கள். 1956 நவம்பர் 1 அன்று அது நிறைவேறியது. மலையாளம் பேசும் அண்டை வீட்டாரை வெளியேற்றுவது அவர்கள் கோரிக்கையாக இருக்கவில்லை. விளவங்கோடு பக்கத்தில் இன்றும் மலையாள வழிப் பள்ளிகள் இருக்கின்றன. அதனால் இங்கே தமிழ் எதையும் இழந்துவிடவில்லை.

நம்மவர்கள் வெளிநாட்டுக்குச் சட்டப்படிதானே போகிறார்கள்? ஒப்பிடுவது சரியா?

சட்டப்படி போகிறவர் எப்படி ஒரே நாளில் சட்டத்துக்குப் புறம்பானவர் ஆகிறார் என்பதைக் குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் கேட்டால் சொல்லித் தருவார்கள். வளைகுடாவில் மீன்பிடிக்கவோ கட்டட வேலைக்கோ போகிறவரின் இக்காமாவை (தங்குவதற்கான அனுமதி அட்டை) கபீல், அதாவது அவருக்குப் பொறுப்பேற்ற முதலாளி, புதுப்பிக்க வேண்டும். அவர் புதுப்பிக்காமல் விட்டால், அல்லது சம்பளத் தகராற்றில் ‘ஓடிப்போய்விட்டான்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால், தொழிலாளி தான் அறியாமலே ஆவணமற்றவர் ஆகிவிடுவார். சவூதி அரேபியா அறிவித்த பொதுமன்னிப்புக் காலம் 2013 நவம்பர் 3 அன்று முடிந்து, மறுநாளே சோதனைகள் தொடங்கின. டெக்சாஸில் அந்த விளையாட்டு அறிவிக்கப்பட்டதும் அதே நவம்பர் மாதத்தில்தான். அந்த மாதம் ஜித்தாவிலும் ரியாத்திலும் அறைக்குள் விளக்கை அணைத்துவிட்டு இருந்தவர்களில் தமிழர்களும் உண்டு. யாரோ ஒருவர் பரிசுக்காக அவர்களைப் படம் எடுத்து அனுப்பியிருந்தால் அதை விழிப்புணர்வு என்று நாம் ஒப்புக்கொண்டிருப்போமா?

எங்கள் மகள் அமெரிக்காவில் மேற்படிப்பு படிக்கிறாள். இத்தகைய சர்ச்சைகளில் அவள் கலந்துகொள்ளலாமா?

அந்த மண்ணில் இருக்கும் வெளிநாட்டவருக்கும் பேச்சுரிமை உண்டு என்பது அந்நாட்டு நீதிமன்றங்களின் நிலைப்பாடு. நடைமுறை அவ்வளவு எளிதாக இல்லை. 2025 மார்ச் மாதத்தில், மாணவர் நாளிதழில் கட்டுரை ஒன்றைச் சேர்ந்து எழுதிய துருக்கி நாட்டு ஆய்வு மாணவி கைது செய்யப்பட்டு ஆறு வாரத்துக்கு மேல் காவலில் இருந்தார். நீதிபதியின் ஆணைக்குப் பிறகே மே மாதம் வெளியே வந்தார். ஏப்ரலில் அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோரின் பதிவுகள் நீக்கப்பட்டு, வழக்குகளுக்குப் பின் மீட்கப்பட்டன. அதே ஆண்டு ஜூன் முதல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்போர் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை யாவரும் பார்க்கும்படி வைக்கக் கோரப்படுகிறார்கள்.

பேசாதே என்று மகளிடம் சொல்ல எனக்கு மனம் இல்லை. போராட்டத்திலோ எழுத்திலோ ஈடுபடும் முன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடமும் குடியேற்ற வழக்கறிஞரிடமும் கலந்து பேசுவதும், ஐ-20 (மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சான்று) உள்ளிட்ட ஆவணங்களின் நகலை வீட்டிலும் ஒரு படி வைத்திருப்பதும் அவசியம்.

இத்தகைய சுவரொட்டியைக் கண்டால் மாணவர் என்ன செய்ய வேண்டும்?

கிழிக்க வேண்டாம்; அப்படியே படம் எடுத்து, தேதியைக் குறித்துக்கொண்டு, துறைத் தலைவரிடம் எழுத்து மூலம் கொடுங்கள். ‘பாருங்கள் இந்தக் கொடுமையை’ என்று மற்றக் குழுக்களுக்கு அனுப்பாதீர்கள். ஒட்டியவர் எதிர்பார்ப்பது அதைத்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மாணவர் குறைதீர்ப்புக் குழுவும், அதற்கு மேல் குறைதீர்ப்பாளரும் இருக்க வேண்டும்; மாணவர்கள் அங்கே முறையிடலாம். தொழிலாளருக்கு அந்த வழி இல்லை என்பதால் அவர் பொருட்டு ஆசிரியர் ஒருவர் முன்வர வேண்டும்.

சுவரொட்டி ஒட்டியவர்களைக் கல்லூரியை விட்டு நீக்கியிருக்கலாமே? ஏன் நீக்கவில்லை?

சக ஆசிரியர்கள் சிலர் அதையே வற்புறுத்தினார்கள். வாட்ஸ்அப் எண் மூலம், ஒட்டிய மூவரின் அடையாளமும் தெரிந்தது. மூவரும் இரண்டாமாண்டு மாணவர்கள். ஒருவரின் தந்தை கொத்தனார். ஆறு மாதமாக அவருக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைப்பதே அரிதாக இருக்கிறது. அந்தக் கோபம் உண்மையானது. அது போய்ச் சேர்ந்த இடம் தவறானது. நீக்கியிருந்தால் டெக்சாஸில் நடந்தது போலவே, தண்டிக்கப்பட்டவர்கள் என்ற பெயரோடு அவர்கள் போயிருப்பார்கள். கூலியைப் பற்றிய கேள்வி மறுபடியும் யாராலும் கேட்கப்பட்டிருக்காது.

சேர்ந்த படங்களை அழிக்கச் சொன்னோம். எங்கள் முன்னாலேயே அழித்தார்கள். அந்தத் தொழிலாளர்களிடம், இந்தி தெரிந்த பேராசிரியர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், நடந்ததை விளக்கி வருத்தம் தெரிவித்தார்கள். அடுத்த பேச்சு மன்றக் கூட்டத்துக்கு ‘குமரி மாவட்டக் கட்டட வேலையில் சமக் கூலி’ என்பது பொருள். அந்த மூவரில் ஒருவர் உள்ளூர்த் தொழிலாளர் தரப்பில் பேசப் பெயர் கொடுத்திருக்கிறார். எதிர்த் தரப்பில் பேச இன்னும் இருவர் தேவை. விரும்புவோர் தமிழ்த்துறை அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்யலாம்.